கொடைக்கு வரி பிரிக்கத் தெரியும், கிராண்ட் என்றால் என்ன?

"அண்ணே, அந்தப் பைசாவை எப்போ திருப்பிக் கொடுக்கணும்?"

மேற்குக் கடற்கரையில் ஓர் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுக்கிற தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கிராண்டுக்கு விண்ணப்பித்துப் பாருங்களேன் என்று நான் சொன்னதுதான் தாமதம், அவர் முகம் வட்டிக்கு வாங்கப் போகிற ஆளின் முகம் மாதிரி ஆகிவிட்டது. இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதால், கொஞ்சம் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் எந்த வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும், செலவழித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும், மிச்சம் விழுந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பவோ அனுமதி கேட்டுப் பயன்படுத்தவோ வேண்டும். கிராண்ட் என்பது அவ்வளவுதான். தமிழில் நல்கை என்கிறார்கள், அரசுக் காகிதங்களில் மானியம் என்று வரும். மானியம் என்றதும் நமக்கு கேஸ் சிலிண்டரும் யூரியாவும்தான் ஞாபகம் வருகிறது, அதனால் இங்கே கிராண்ட் என்றே எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க, ஊர்க் கோயில் திருவிழாவான கொடையைவிட நல்ல உதாரணம் இல்லை. அம்மன் கொடைக்கோ சுடலைமாடன் கொடைக்கோ வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கிறோம். வரி கொடுத்தவருக்கு, தன் பைசா வில்லுக்காரருக்குப் போனதா பந்தலுக்குப் போனதா என்று கேட்கிற உரிமை உண்டு. கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பார்கள், சந்தனத்துக்கு இவ்வளவா என்று யாராவது எழுந்து சண்டை பிடிப்பார்கள், அதுவும் நடைமுறையில் ஒரு தணிக்கைதான். கிராண்டும் இதே கதை. என்ன ஒன்று, வரி கொடுப்பவர் நம் தெருக்காரர். பந்தலையும் அவர் கண்ணால் பார்க்கிறார், வில்லுக்காரர் தூங்கிவழிந்து பாடியதையும் பார்க்கிறார். கிராண்ட் கொடுப்பவர் சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கிறார், இரவிபுத்தன்துறை எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. விண்ணப்பம், பட்ஜெட், அறிக்கை, ரசீது என்று நம்மைப் படுத்துகிற காகிதமெல்லாம் அந்தத் தூரத்தை அடைக்கத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

யார் அந்தப் பிள்ளைகள்?

இந்த வகைக் கிராண்டுகளின் அறிவிப்பில் தவறாமல் ஒரு சொல் இருக்கும்: நலிவுற்ற, அல்லது விளிம்புநிலை, அல்லது எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய சிறாரும் இளைஞர்களும். ஏழைப் பிள்ளைகள் என்று இதை மொழிபெயர்த்துக்கொண்டால் தப்பு. ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடுகிற இடத்தில் நிற்கிற பிள்ளை, விழுந்தால் பிடிக்க ஆள் இல்லாத பிள்ளை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று ஒரு நீண்ட பட்டியலே வைத்திருக்கிறது: வீடில்லாதவர், வேலைக்குப் போகிறவர், பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாதவர், வயதுக்கு முன்பே திருமணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் இருப்பவர் என்று போகும். அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர். 2014ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கையிலோ இளைஞர் என்றால் 15 முதல் 29 வரை. ஆகவே அறிவிப்பில் எந்த வயது போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள், 22 வயதுப் பையன்களுக்கு நாடகப் பட்டறை நடத்திவிட்டுக் குழந்தைகளுக்கான நிதிக்கு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நம் மாவட்டத்தில் இவர்கள் யார் என்று எழுதும்போது பொதுவாக எழுதாமல் ஊரைப் பார்த்து எழுத வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிற அப்பாக்கள் வாரக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அப்பாவைக் கடலில் விட்ட பிள்ளைகள் இப்போது வளர்ந்து நிற்கிறார்கள். அன்று ஆறு வயதாக இருந்தவனுக்கு இன்று மீசை முளைத்துவிட்டது, அப்பா எங்கே என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. மலைப்பக்கம் போனால் விடிவதற்கு முன்பே ரப்பர் வெட்டுக்குப் போகிற அம்மா அப்பா, மழை பிடித்துக்கொண்டால் வெட்டும் இல்லை கூலியும் இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் இருந்து பள்ளிக்கூடம் வருவதே ஒரு பயணம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, யாரும் எழுதாத கூட்டம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டம், 91.75 சதவீதம். எல்லோரும் படிக்கிற ஊரில் பத்தாவது தோற்றுப்போன பிள்ளைக்கு இருக்கிற வெட்கம், படிக்காதவர்கள் நிறைந்த ஊரில் இருக்காது. அவன் வெளியே வரமாட்டான், எந்தக் கணக்கிலும் சிக்க மாட்டான். "பக்கத்து வீட்டுப் பிள்ளை நர்சிங் முடித்து வெளிநாடு போயாச்சு, நீ என்னடே செய்ய?" என்று தினமும் கேட்கப்படுகிற பையன்தான் என் கணக்கில் முதல் பெயர். விண்ணப்பத்தில் இதை எழுதிப் பாருங்கள், வாசிப்பவர் நிமிர்ந்து உட்கார்வார். ஏனென்றால் இது அவருக்குத் தெரியாத விஷயம், உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஒரு எச்சரிக்கை, எங்கள் சொந்தத் தப்பிலிருந்து. முதல் தடவை கொஞ்சம் பணம் கிடைத்த சந்தோஷத்தில் 'நலிவுற்ற சிறார்களுக்கான நாடகப் பயிற்சி' என்று பேனர் அடித்து வாசலில் கட்டினோம். அடுத்த சனிக்கிழமை பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஏன் வருவார்கள்? தான் நலிவுற்றவன் என்று எழுதிய பலகைக்குக் கீழே நடந்து உள்ளே போக யாருக்கு மனசு வரும்? அந்தச் சொல் விண்ணப்பத்தோடு நிற்கட்டும். பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் வில்லுப்பாட்டு வகுப்பு என்றால் போதும்.

பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஏன் பணம் தருகிறார்கள்?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள், நாங்களும் வழுக்கினோம். எங்களுடைய முதல் விண்ணப்பத்தில் 'அழிந்துவரும் வில்லிசைக் கலையை வளர்ப்பதே நோக்கம்' என்று எழுதியிருந்தோம், உணர்ச்சி பொங்க மூன்று பக்கம். நிராகரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது, அந்த நிதி கலைக்கானது இல்லை, பிள்ளைகளுக்கானது. கலை அங்கே ஒரு வழி. பேசவே பேசாத பிள்ளை குடத்தில் தாளம் போட ஆரம்பித்து, அப்புறம் பின்பாட்டு பாடி, ஒருநாள் நடுவில் உட்கார்ந்து வில்லை அடிக்கிற வீசுகோலை எடுக்கிறதே, அந்த நகர்வுக்குத்தான் அவர்கள் பணம் தருகிறார்கள். கலையைக் காப்பாற்றத் தருகிற பணம் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு வேறு மாதிரி எழுத வேண்டும்.

நிதி தருகிறவர்கள் இதை இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள்: என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது. ரப்பர் தோட்டத்துக்காரருக்கு இது உடனே விளங்கும். இன்றைக்கு 300 மரம் வெட்டினேன் என்பது ஒன்று, எவ்வளவு பால் வந்தது என்பது வேறு. 40 வகுப்பு நடத்தினோம், 25 பேர் வந்தார்கள், ஒரு மேடை ஏறினோம் என்பது வெட்டின மரத்தின் எண்ணிக்கை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் இப்போது போகிறார்கள், வாத்தியாரிடம் கேள்வி கேட்கிறார்கள் என்பது பால். இரண்டையும் எழுத வேண்டும். ரப்பர் கன்று நட்டால் வெட்டுக்கு வர ஏழு வருஷம் போல ஆகும் என்பதும் நமக்குத் தெரியும், கிராண்ட் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் கிடைக்கும் என்பதும் தெரியும். அதனால் ஒரு வருஷத்தில் பார்க்கக்கூடிய மாற்றத்தை மட்டும் சொல்லுங்கள். 'பிள்ளைகளின் வாழ்க்கையே மாறும்' என்று எழுதாதீர்கள், வருஷக் கடைசியில் அதை நிரூபிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

முதல் நாளே ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள். யார் வந்தார்கள், யார் வாயைத் திறந்தார்கள், யார் பாதியில் எழுந்து போனார்கள். மூன்று வரி போதும். பத்து மாதம் கழித்து அறிக்கை எழுதும்போது அந்த நோட்டுத்தான் கை கொடுக்கும், ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி நல்ல பிள்ளையாகிவிடுவார்கள்.

இந்த மாவட்டத்தில் இது புது யோசனையும் இல்லை. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வறுமையில் படிப்பை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தவர்தான். ஆனால் பையன்களை வைத்து நாடகம் போட்ட அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. மேடை ஏறி ஜெயித்தவர்கள் பெயர் நமக்குத் தெரியும், அதே கொட்டகையில் அடிவாங்கி ஓடிப்போன பையன்கள் பெயர் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நிதி தருகிறவர்கள் பாதுகாப்பு விதி இருக்கிறதா என்று கேட்பதை நான் தொந்தரவாக நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பைசா எங்கே இருக்கிறது?

பிரிட்டனில் 1994இல் தேசிய லாட்டரி தொடங்கினார்கள், டிக்கெட் விற்ற பணத்தில் ஒரு பங்கு பொதுக் காரியங்களுக்குப் போகிறது. இங்கிலாந்தில் ஊர்ச் சங்கம் அளவுள்ள சின்னக் குழுக்கள்கூட அதிலிருந்து 300 பவுண்டில் ஆரம்பித்து 20,000 பவுண்டு வரை கேட்கலாம். நமக்கு அந்த வழி இல்லை, தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரிக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் லாட்டரி உண்டு, அங்கே காருண்யா லாட்டரிப் பணம் ஏழைகளின் சிகிச்சைக்குப் போனது. எல்லை தாண்டி டிக்கெட் வாங்கி வருகிற நம்மூர் மாமாக்களின் பைசாவும் யாரோ ஒரு மலையாளியின் ஆபரேஷனுக்கு உதவியிருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே முக்கியமான வழி சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு சொல்வது இது: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இதில் ஏதாவது ஒன்றை எட்டிவிட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் கலை பண்பாடும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. தான் இயங்குகிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், நமக்கு இடிப்பது அங்கேதான், நம் மாவட்டத்தில் பெரிய தொழிற்சாலைகள் குறைவு. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலை இருக்கிறது, ஆனால் கடலோர ஊர்களில் மணல் எடுப்பதைப் பற்றி மக்களுக்கு வலுவான கருத்து உண்டு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாரிடம் வாங்குவது என்பதைப் பிள்ளைகளின் வீட்டுக்காரர்களோடு பேசி முடிவெடுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு ஊர்க்கூட்டத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது கஷ்டம்.

அரசுப் பக்கம் பார்த்தால், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் என்று சொல்லிக்கொடுக்கின்றன. அது கிராண்ட் இல்லை, ஆனால் நல்ல ஆசிரியர்களைத் தெரிந்துகொள்ள ஒரு வாசல். தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தில், அருகிவரும் கலைகளைக் குரு–சீடர் முறையில் கற்பிக்க ஒரு திட்டம் உண்டு. தோல்பாவைக்கூத்து, களியல் மாதிரி நம் மாவட்டத்துக் கலைகளோடு வேலை செய்பவர்கள் அந்தப் பக்கம் விசாரிக்கலாம். நாங்கள் கலையை வளர்க்கப் போகிறோம் என்று எழுதிய அந்த மூன்று பக்கம் அங்கே எடுபட்டிருக்கும்! பெங்களூரில் 1993இல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற அறக்கட்டளைகள் தனி ஆட்களுக்கும் தருகின்றன.

எம்.பி.யிடம் கேட்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் நிலைத்து நிற்கிற கட்டுமானத்துக்கு. அதில் வகுப்பு நடத்த ஓர் அறை கட்டலாம், அறைக்குள் நின்று பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

அப்புறம் வெளிநாட்டுப் பணம். வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில் இருக்கிற ஊர்களில் இதுதான் முதலில் கையில் வரும், இதில்தான் பயமும் அதிகம். துபாயில் இருக்கிற அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, முறையாக வங்கி வழியாக அனுப்பினால் அது எப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், சொல்கிற அயல்நாட்டு நிதி ஆகாது. அதே அண்ணன் லண்டன் போய்ப் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டால் அவர் அனுப்புவது அயல்நாட்டு நிதி. குளச்சலில் பிறந்தவர், கோட்டாறு சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவர் என்பதெல்லாம் கணக்கில் வராது, பாஸ்போர்ட்தான் கணக்கு. எப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் அதை வாங்கினால் சிக்கல். அந்தப் பதிவுக்குப் பொதுவாக அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் தன் வேலைக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது எட்டாது. எப்.சி.ஆர்.ஏ. வைத்திருக்கிற பெரிய அமைப்பு ஒன்று வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கலாமா என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்றவும் முடியாது; அந்த அமைப்பே நிகழ்ச்சியை நடத்த வேண்டும்.

உங்களுக்குப் பதிவு இருக்கிறதா?

வங்கிக் கணக்கு யார் பெயரில் என்று கேட்டால் பாதிக் குழுக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தலைவரின் சொந்தக் கணக்கில் கிராண்ட் வாங்க நினைக்காதீர்கள், எந்தப் பெரிய நிதியும் தராது, தந்தாலும் வருமான வரியில் அவர் மாட்டுவார். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதியலாம், அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதியலாம். சங்கமென்றால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதை மறந்துவிட்டு நிற்கிற சங்கங்கள் ஏராளம். பிறகு பான் கார்டு, தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு, வருமான வரித் துறையிடம் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை). இந்த எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துடையவை, 2025இல் புதுச் சட்டம் வந்துவிட்டது என்றாலும் ஆடிட்டர்கள் பேச்சில் பழைய பெயர்தான். சி.எஸ்.ஆர். பணத்துக்கு இவற்றோடு சி.எஸ்.ஆர்.–1 என்ற படிவப் பதிவும் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும்.

இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் வகுப்பு தொடங்குவது என்றால் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். ஆகவே என் யோசனை: முதல் இரண்டு வருஷம், ஏற்கெனவே பதிவும் ஒழுங்கான கணக்கும் உள்ள உள்ளூர் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து நடத்துங்கள். நூலகச் சங்கம், தேவாலயப் பங்கின் சமூகப் பணிக்குழு, பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், எதுவானாலும் சரி. யார் கையெழுத்துப் போடுவது, கணக்கு வேலைக்கு அவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்பதை ஒரு வெள்ளைக் காகிதத்திலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக விட்டுப் பின்னால் வருஷக்கணக்கில் பேசாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பட்ஜெட் எழுதுவது

ஓர் உதாரணம் போடுகிறேன், எண்கள் என் கற்பனை, உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 25 பிள்ளைகள், 40 சனிக்கிழமை. வில்லிசை சொல்லிக்கொடுக்கிறவருக்கு வகுப்புக்கு 1,500 என்றால் 60,000. கூட இருக்கிற இரண்டாவது ஆளுக்கு 700 வீதம் 28,000. சுண்டலோ மரச்சீனிக்கிழங்கோ ஒரு மட்டிப்பழமோ, ஆளுக்கு 25 ரூபாய் வீதம் 25,000. பஸ் வராத இடத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டோ வாரம் 400, அது 16,000. வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை எல்லாம் 18,000. மனநல ஆலோசகர் எட்டுத் தடவை வர 12,000. அரங்கேற்ற நாளுக்கு மைக்செட், மேடை 15,000. கணக்கு, தணிக்கை, பிரிண்ட், போன் 11,000. கூட்டினால் 1,85,000. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 7,400, ஒரு சனிக்கிழமைக்கு 185 ரூபாய். இந்தக் கடைசி எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள், லட்சத்தில் பார்க்கும்போது மலைப்பவர் 185 ரூபாயைப் பார்த்தால் யோசிப்பார்.

வெட்கப்பட்டு விடப்படுகிற வரிகள் மூன்று: தின்பண்டம், போக்குவரத்து, இரண்டாவது ஆள். கலைக்குக் கேட்கும்போது சுண்டலுக்குக் கேட்பதா என்று தோன்றும். ஆனால் காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைக்குச் சுண்டல்தான் முதல் பாடம். பெண்பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லை, சரி, ஆனால் வகுப்பு முடிகிற நேரத்தில் அந்தப் பஸ் இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டாவது மாதமே பெண்பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், நீங்கள் ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுவீர்கள். இரண்டாவது ஆள் எதற்கென்றால், ஒரு பிள்ளை அழுதுகொண்டு வெளியே போனால் பின்னாலேயே போக ஒருவர் வேண்டும். ஒரு பெரியவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு அறைக்குள் இருக்கக் கூடாது என்பதும் காரணம்.

நூலக அறை இலவசமாகக் கிடைக்கிறதா, அதையும் உங்கள் பங்களிப்பு என்று மதிப்புப் போட்டு எழுதுங்கள். ஊர் தன் கையிலிருந்து என்ன தருகிறது என்று பார்க்கிற நிதிகள் நிறைய உண்டு.

காலண்டரில் நம் ஊர் தெரிய வேண்டும். நம் மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு: கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. தூத்தூர்ப் பக்கம் வகுப்பு நடத்துகிறவர் அரங்கேற்றத்தை ஜூலையில் வைத்தால் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச்சில் வைத்தால் முன்வரிசை முழுக்க அம்மாக்களும் பாட்டிமாரும்தான், பரீட்சை வேறு. தன் பிள்ளை மேடையில் பாடுவதை அப்பா ஒரு தடவை பார்ப்பது, என்னைக் கேட்டால், அந்த 1,85,000க்கே ஈடு. இதை விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதினால் ஊரைத் தெரிந்தவர்கள் எழுதியது என்று யாருக்கும் புரியும்.

கண்ணீரை விற்காமல் எழுதுவது

விண்ணப்பத்தில் கதை கேட்பார்கள், போட்டோ கேட்பார்கள். ஒரு பிள்ளையின் அப்பா எப்படிச் செத்தார் என்று எழுதினால் பணம் கிடைக்கும் என்று நமக்கும் தெரியும். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கலர் பென்சிலோடு வந்தவர்கள் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அலையையே வரையச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள், எந்தப் படம் வரைந்தால் பிஸ்கட் பாக்கெட் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதைச் செய்யாதீர்கள். சட்டமும் செய்யவிடாது: பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகள் யார் என்று தெரியும்படி பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முதுகுப்பக்கம் எடுத்த படம், குடத்தின் மேல் இரண்டு கை, பிள்ளைகள் தாங்களே எழுதிய பாட்டின் நாலு வரி, இவை போதும். மற்றப் படங்களுக்கும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்.

பாட்டும் நாடகமும் வாயைத் திறக்க வைக்கும், திறந்தால் எதுவும் வரலாம். ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வகுப்பு தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண். பாலியல் குற்றம் என்று தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம், 'குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று ஊர்ப்பெரியவர் சொன்னாலும் அப்படித்தான். வில்லுக்காரர் வில்லுக்காரர்தான், அவரை மனநல ஆலோசகராக்கிவிடாதீர்கள். அந்த 12,000 அதற்குத்தான். சொல்லிக்கொடுக்க வருகிறவர் எவ்வளவு பெரிய கலைஞரானாலும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் விதி இதுதான் என்று சொல்லி முதலில் உங்களுடையதை வாங்கிவிட்டால் சங்கடம் பாதி குறையும்.

பணம் வந்த பிறகு

நிராகரிப்பு வந்தால் காரணம் கேட்டு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள், எல்லோரும் பதில் போடமாட்டார்கள், சிலர் போடுவார்கள். கிடைத்துவிட்டால், ஒப்பந்தத்தை உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள், குறிப்பாகத் தவணை எப்போது வரும் என்ற பகுதியை. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணத்தை நகர்த்த வேண்டியிருந்தால் செலவழிப்பதற்கு முன் கேளுங்கள். ஆட்டோவுக்கு மிச்சமாகி சுண்டலுக்குப் பற்றாமல் போனது என்று சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள், சொல்லாமல் செய்தால்தான் கோபிப்பார்கள். சந்தையில் குடம் வாங்கினாலும் ஒரு கைச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசித் தவணை, பல இடங்களில், இறுதி அறிக்கையும் கணக்கும் போன பிறகுதான் வரும். அதாவது அந்தச் செலவை முதலில் நீங்கள் செய்ய வேண்டும். நாங்கள் இதைக் கவனிக்காமல் அரங்கேற்றத்தின் மைக்செட் பணத்தைக் கடைசித் தவணையில் வைத்திருந்தோம், நிகழ்ச்சி முடிந்து இரண்டு மாதம் மைக்செட்காரருக்குக் கடன் சொல்லிக்கொண்டு திரிந்தோம். எங்கள் ஊர்க் கொடைக்கும் மைக்செட் அவர்தான் என்பதால் பொறுத்துக்கொண்டார், அடுத்த கொடைக்கு முன்பணம் வாங்காமல் வயர் இழுக்கவில்லை.